‘மொட்டை மாடி’க்குக் கொங்கா வாசித்தவர்

அவில்டா சிந்த்ரோன் ஒரு வாத்தியக்காரரின் பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று பிராங்ஸ் வட்டாரம் முழுக்க ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி ஆனால் கல்லூரி வானொலியில் அவள் குரல் வந்துவிடும். நாலு மணி நேரம் லத்தீன் ஜாஸ். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் பச்சைத் துவரை போட்ட சோறு அடுப்பில் வெந்துகொண்டிருக்கும். பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டுக்கு ஓடுகிற ரகம் இல்லை அவள். டிரம்பெட் யார், பியானோ யார், கொங்கா மேளம் யார், மணி அடித்தவர் யார், சுரைக்குடுக்கையைச் சுரண்டியவர் யார் என்று அத்தனை பெயரையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். ரெக்கார்டு அட்டையில் அந்தப் பெயர்கள் இருக்காது. கோஷ்டித் தலைவர் பெயர் இருக்கும், படம் எடுத்தவர் பெயர் இருக்கும், படத்தில் நிற்கிற அழகியின் செருப்பு எந்தக் கடையில் வாங்கியது என்றுகூட இருக்கும். வாசித்தவன் பெயர் மட்டும் இருக்காது. அவில்டா சலூன்களுக்கும் சவ அடக்கக் கடைகளுக்கும் போன் போட்டு விசாரித்து விசாரித்து அவற்றைச் சேர்த்தாள்.

“பாட்டு மூணு நிமிஷம், பேரு அஞ்சு நிமிஷமா?” என்று டோமினோ ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் தங்கள் மாமன் பெயரோ சித்தப்பன் பெயரோ வரும்போது காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ரவிக்கை தைக்கும் பட்டறையில் கழுத்துப் பட்டியில் பெயர்த்துணி வைத்துத் தைக்கிறவள். ஒவ்வொரு துணியிலும் ஏதோ பிரெஞ்சு சீமாட்டியின் பெயர் பொன் நூலில் மின்னும்.

“யாரும்மா அந்தம்மா?” என்று எட்டு வயதில் அவில்டா கேட்டாள்.

“அப்படி ஒருத்தியே கெடையாதுடி. மொதலாளி வீட்டுப் பூனையோட பேரு.”

“அப்ப ஒம் பேரு எங்க?”

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, அடுத்த துணியை ஊசிக்கு அடியில் தள்ளினாள். அவில்டாவுக்கு அன்று வந்த கோபம் பிறகு ஒருநாளும் முழுதாக இறங்கவில்லை. பூனைக்குக் கிடைத்த மரியாதை தன் அம்மாவுக்குக் கிடைக்கவில்லையே என்கிற கோபம் அது.

வானொலிக்கு அவள் வந்தது போன் எடுக்கத்தான். 1971இல் ஒரு ஞாயிறு, நிகழ்ச்சி நடத்த வேண்டியவர் முந்தைய நாள் கல்யாண விருந்தில் அளவில்லாமல் குடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. வேறு ஆள் இல்லை. அவில்டா மைக்கின் முன் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் போன் அலற ஆரம்பித்தது.

“பொம்பளைக்குக் கிளாவே தெரியுமா?” என்றான் ஒருவன்.

கிளாவே என்பது இரண்டு சிறு கட்டைகளைத் தட்டுகிற ஐந்து தட்டு. முதல் பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு, அது ஒரு சுற்று. முழுக் கோஷ்டியும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பாதி மாறி நுழைந்துவிட்டால் குறுக்கே போய்விட்டான் என்பார்கள். எங்கள் ஜனங்கள் கடன்காரனை மன்னிப்பார்கள், பெண்டாட்டியை விட்டு ஓடியவனைக்கூட மன்னிப்பார்கள், குறுக்கே போனவனை மன்னிக்க மாட்டார்கள். அவில்டா போனை வைத்தாள். ஒன்பது நிமிஷம் ஓடுகிற ஒரு ரெக்கார்டைப் போட்டு, மைக்கை வாயருகே இழுத்து, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை கையாலேயே கிளாவே தட்டினாள். ஒரு தட்டு பிசகவில்லை.

“கை செவந்துபோச்சு,” என்றாள் முடிவில். “இன்னும் யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா கூப்பிடுங்க. நம்பர் தெரியுமில்ல?”

போன் அடிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு அவளுடையதாயிற்று.

அதற்குப் பிறகு அவள் பார்க்காதது இல்லை. தெருத்தெருவாக வீடுகள் எரிந்த வருஷங்களில், ஜனங்கள் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் ரெக்கார்டுகளுமாக ஓடிவந்தார்கள். வைக்க இடமில்லை என்று பாதிப்பேர் ரெக்கார்டுகளை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். புகை நாற்றம் அடித்த அந்த ரெக்கார்டுகளை அவள் ஈரத்துணியால் துடைத்து வானொலியில் போட்டாள். இவர் வீட்டு ரெக்கார்டு, இத்தனையாம் தெரு, மூன்றாம் மாடி என்று அதற்கும் சேர்த்துப் பெயர் சொன்னாள். அந்த வீடு அப்போது சாம்பலாக இருக்கும். ஜனங்கள் அவளைக் கொண்டாடியது சும்மா இல்லை.

அவள் அதிகம் போட்டது ‘மொட்டை மாடி’ என்கிற பாட்டு. 1962இல் மோஞ்சித்தோ அரானா என்கிற பியானோக்காரரின் கோஷ்டி எடுத்தது. பியானோ நின்றதும் கொங்கா தனியாவர்த்தனம் வரும். வேண்டுமென்றே கிளாவேக்குக் குறுக்கே நாலு சுற்று போகும், திடீரென்று நின்றுவிடும். ஒன்றரைச் சுற்று ஒரு சத்தமும் இருக்காது. கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பிறகு ‘தப்’ என்று ஒரே அடியில் கொங்கா சரியான பாதியில் வந்து விழும். பிராங்ஸில் இதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழாதவன் கிடையாது. வாசித்தது சாகோ வில்லாஃபான்யே என்று இருபத்துநாலு வருஷமாக அவில்டா சொல்லிவந்தாள். சாகோ பெரிய கை. செத்து எட்டு வருஷம் ஆகியும் மூன்று மாடிச் சுவரில் ஓவியமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். “கிளாவேயையே கிண்டல் பண்றாரு பாருங்க மனுஷன்! மூச்ச அடக்கிக் காட்டறாரு!” என்று அவில்டா அந்த ஒன்றரைச் சுற்றைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள்.

அவளுடைய இருபத்தைந்தாம் வருஷ விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்தப் போன் வந்தது. ‘மொட்டை மாடி’ முடிந்து, பெயர்கள் சொல்லி, அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“அவில்டாவா? கண்ணு, நான் ப்ரோவி பேசறேன். ப்ரோவி லசேன். ஒன்னத் திட்டறதுக்குன்னு போன் பண்ணல. ஆனா திட்டிருவேனோன்னு பயமா இருக்கு.”

“திட்டுங்க. பாட்டு முடிய ஆறு நிமிஷம் இருக்கு.”

“இப்பப் போட்டியே ‘மொட்டை மாடி’, அது வந்தாப் போதும், எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு பாத்ரூமுக்குள்ள போயிக் குழாயத் தொறந்து விட்டுர்றாரு. தட்டுல பாதிச் சோறு கெடந்தாலும் சரி. வருஷக்கணக்கா இதே கூத்து. நான் ஒடம்புக்குத்தான் என்னவோன்னு டாக்டருகிட்டகூடக் கூட்டிட்டுப் போனேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“கிட்னி குதிரை கணக்கா இருக்குதுன்னாரு. போன வாரம் கதவத் தட்டி, காரணம் சொல்லலன்னா குழாயவே கழட்டிருவேன்னேன். உள்ள இருந்துகிட்டே சொன்னாரு. அந்தப் பாட்டுல வாசிச்சது அவராம். சாகோ இல்லியாம்.”

அவில்டாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த மாதிரிப் போன்கள் மாதம் இரண்டு வரும். சாகோ வாசித்ததெல்லாம் நான் வாசித்தது என்று சொல்லிக்கொள்ள நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? இருந்தும், மூத்த பெண்களுக்கு வைக்கிற ‘தோன்யா’ என்கிற மரியாதையை அவள் விடவில்லை.

“தோன்யா ப்ரோவி, தான் வாசிச்சதுன்னு சொல்றவன் என் நிகழ்ச்சிக்குப் போன் பண்ணுவான். குழாயத் தொறந்துட்டு ஒளிய மாட்டான்.”

“அதத்தான் கண்ணு நானும் சொல்றேன்,” என்றாள் ப்ரோவி.

போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை அவில்டாவைக் குத்தியது. பொய் சொல்கிறவன் எதற்கு ஒளிய வேண்டும்?

மறுநாள் 1972ஆம் வருஷத்து நாடாவைத் தேடி எடுத்தாள். சாகோவை அவள் முதல் தடவை பேட்டி எடுத்த நாடா. ஒலிப்பதிவு பார்க்கும் வில்ஃப்ரெடோ அதை மாட்டி ஓடவிட்டான். இருபத்தாறு வயது அவில்டா கீச்சுக்குரலில் கேட்டாள்: “‘மொட்டை மாடி’ல மூச்சப் பிடிச்சு நிறுத்துவீங்களே, அது ஒங்க கைதானே?” சாகோ நெடுநேரம் சிரித்தார். கோப்பையில் ஐஸ் குலுங்கியது. “பொண்ணே, அப்படிச் செய்ய வேற யாருக்கு தைரியம் வரும், சொல்லு?” என்றார். “வேற யாருக்கும் வராது!” என்று இளைய அவில்டா கூவினாள்.

“தலைவி,” என்றான் வில்ஃப்ரெடோ மெதுவாக. “அவரு ஆமான்னு சொல்லவே இல்லியே.”

“எனக்குக் காது இருக்கு, வில்ஃப்ரெடோ.”

கேள்வியும் அவளே கேட்டு, பதிலும் அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாகோ குறும்புக்காரர், சும்மா இருந்துவிட்டார். பூனையின் பெயரைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

எவுசேபியோ லசேன், வீட்டில் செபோ, கிராண்ட் கான்கோர்ஸ் சாலையில் பஸ் ஓட்டுகிறவர். அவில்டா புதன்கிழமை அந்த பஸ்ஸில் ஏறி, அவருக்குப் பின்னால் மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்றாள். ஐம்பத்தாறு வயது, அகன்ற தோள், நரைத்த மீசை. “கடைசி ஸ்டாப் வரைக்கும் போவீங்களா?” என்று அவள் கேட்டதுதான் தாமதம், கண்ணாடியில் அவர் கண் நிமிர்ந்தது. அந்தக் குரல் பிராங்ஸில் யாருக்குத் தெரியாது?

“ப்ரோவி வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டாளே,” என்றார்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவளுக்கும் ஒரு வாழைக்காய் வறுவல் நீட்டினார்.

“பியானோ நின்னதும் அரைச் சுத்து விட்டு நொழையணும்,” என்றார். “நான் விடல. இருபத்திரெண்டு வயசு, கொதிக்கற ரத்தம். நேராக் குறுக்க போயிட்டேன். போறது தெரியாமயே நாலு சுத்து ஜோராப் போறேன். மணி அடிச்சவரு என்னப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. எங்கப்பா செத்தன்னிக்குக்கூட ஒருத்தரும் என்ன அப்படிப் பாக்கல. அப்பத்தான் ஒறைச்சுது. தூக்கின கை காத்துலயே நின்னு போச்சு, என்னப் பாத்து கோஷ்டியும் நின்னுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அடிச்சேன். ஓடலாம்னா ரெக்கார்டிங் நடக்குதுன்னு கதவுல செவப்பு வெளக்கு எரியுது.”

அவில்டா சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தரம் எடுக்க நேரமில்ல. அதையே ரெக்கார்டாப் போட்டுட்டாங்க. லிஃப்ட்டுல ஏழாவது மாடிலேர்ந்து கீழ வர்றதுக்குள்ள அரானா என்னக் கோஷ்டிய விட்டுத் தூக்கிட்டாரு. சரி, தப்பு பண்ணினேன், போனேன். முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பாத்தா, ஜனம் அதக் கொண்டாட ஆரம்பிச்சிருச்சு! சாகோவோட வித்தையாம்! நீங்க வேற கால் மணி நேரம் வெளக்கம். குழாயத் தொறக்காம நான் என்ன பண்றது?”

கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற கதைகளை நம்பித்தானே ஏமாந்தோம் என்று அவில்டா நினைத்தாள். அவளிடம் ஒரே ஒரு துருப்பு இருந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

“அந்த மௌனத்துல ஒரு சத்தம் இருக்கு, தோன் செபோ. ரொம்பச் சின்னது. கீறல்னு நெனச்சேன். ஆனா நாலு ரெக்கார்டு வாங்கிப் பாத்தேன், நாலுலயும் அதே எடத்துல இருக்கு.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். சட்டைக்குள் கைவிட்டு, கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்தார். தேய்ந்துபோன ஒரு வெள்ளி மெடல், மாதா உருவம்.

“எங்கம்மா போட்டது. குனிஞ்சு வாசிச்சுட்டிருந்தவன் மணிக்காரரப் பாக்கத் தலையத் தூக்கினேனா, இது வீசிக் கொங்காவோட இரும்பு வெளிம்புல பட்டுது.” மெடலைப் பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியில் ஒருமுறை தட்டிக் காட்டினார்.

டிக்.

அதே சத்தம். இருபத்துநாலு வருஷமாக அவள் தனியாகக் கேட்டுவந்த சத்தம். அவில்டா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் ஒங்க பேரச் சொல்லப் போறேன்,” என்றாள்.

“வேணாம். அந்தத் தப்பு சாகோகிட்டயே இருக்கட்டும். அவருதான் செத்துட்டாரே, தாங்கிக்குவாரு.”

“இனிமே சாகோன்னு சொல்ல என் வாய் வராது. பேரே சொல்லாம விட்டாலும் பொய்தான்.”

செபோ டப்பாவை மூடினார். ஏற வேண்டியவர்கள் வெளியே கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“சொன்னா முழுசாச் சொல்லுங்க,” என்றார் கடைசியில். “தப்பு பண்ணினேன்னும் சேத்துச் சொல்லுங்க. பாதி சொன்னா சாகோகிட்டேருந்து பேரத் திருடினவன் ஆயிருவேன். முழுசாச் சொன்னா வெறும் முட்டாள்தான். முட்டாளா இருந்துக்கறேன்.”

விழாவுக்கு வரச் சொன்னாள். அன்று எனக்கு டூட்டி என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

வானொலி நிலையத்து மேனேஜர் ஃபீனி நல்ல மனுஷர்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அவில்டா, நாப்பது ஊரு ஸ்டேஷன் நேரடியா எடுக்கறாங்க. ‘ஒரு பெயரும் தவறாதவர்’னு கேடயத்துல செதுக்கியே வந்தாச்சு. அதை வாங்கிட்டு, நான் தவறினேன்னு சொல்லப் போறியா? ஒரு மாசம் கழிச்சு, ஏதாவது செவ்வாக்கிழமை மெதுவாச் சொல்லிடேன்.”

“இருபத்துநாலு வருஷம் கத்திக் கத்தித் தப்பாச் சொல்லிட்டு, திருத்தறத மட்டும் காதோட சொல்லணுமா?”

வாயில் வீராப்பாகப் பேசிவிட்டாளே ஒழிய, அவளுக்கு உள்ளுக்குள் பயம் பிடுங்கியது. அவளுக்கென்று வேறு சொத்து கிடையாது. அவில்டா சொன்னால் சரியாக இருக்கும் என்கிற ஒரே நம்பிக்கைதான் அவளுடைய இருபத்தைந்து வருஷம். ஒரு பெயர் தப்பு என்று அவளே சொன்னால், மீதி ஆயிரம் பெயர்களையும் ஜனங்கள் சந்தேகிக்க மாட்டார்களா? அவள் அம்மா மாதிரி இருந்த அத்தனைபேரும் மறுபடி பெயரில்லாமல் போய்விட மாட்டார்களா?

செயின்ட் மேரி பூங்காவில் அந்த ஞாயிறு வெயில் கொளுத்தியது. ஐயாயிரம் பேர் இருக்கும். பொரித்த மீன் வாசனை, ஐஸ் வண்டிகள், தோளில் பிள்ளைகள், கம்பம் கம்பமாக எங்கள் தீவின் ஒற்றை நட்சத்திரக் கொடிகள். மேடையில் கோஷ்டி தயாராக இருந்தது. முன்னால் ஒரு காலி முக்காலியும் அதன் எதிரே இரண்டு கொங்காக்களும் வைத்திருந்தார்கள். சாகோவின் நினைவாக அந்த இடம் காலியாக இருக்க, ‘மொட்டை மாடி’ வாசிப்பதாக ஏற்பாடு.

கேடயத்தைக் கொடுத்தார்கள். கைதட்டல் அடங்கும்வரை அவில்டா நின்றாள். பிறகு மைக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். நாடாவைப் பற்றி, மெடலைப் பற்றி, குறுக்கே போனதைப் பற்றி, லிஃப்ட்டைப் பற்றி. “சாகோ மேல தப்பில்ல. அவரு ஆமான்னு ஒருநாளும் சொல்லல. ஆமான்னு சொன்னவ நான். அந்த மனுஷன் பேரு எவுசேபியோ லசேன். அவரோட பேர இத்தன வருஷம் மறைச்சது இந்த வாய்தான். இந்தக் கேடயத்துல செதுக்கியிருக்கறது பொய். என்ன மன்னிச்சிருங்க.”

பூங்கா முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. சாகோவின் முகம் போட்ட பனியன் அணிந்த ஒரு தடியர், முன்வரிசையில் நின்றவர், கையை நீட்டிக் கத்தினார்.

“அது தப்பா? அது எப்படி தப்பா இருக்கும்? நான் அதக் கேட்டுத்தான் கல்யாணமே பண்ணிக்கிட்டேன்!”

நாலைந்துபேர் சிரித்தார்கள். நாலைந்துபேர் ஊளையிட்டார்கள். அவில்டா மேடையில் தனியாக நின்றாள். முடிந்தது என்றே நினைத்தாள்.

அப்போது கூட்டத்தின் வலது ஓரம் பிளந்து வழி விட்டது. பஸ் டிரைவர் நீலச் சட்டையில், கக்கத்தில் வேர்வைத் திட்டுகளோடு, செபோ வந்துகொண்டிருந்தார். டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார். பின்னாலிருந்து குட்டையான ஒரு பெண் இரண்டு கையாலும் அவரைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ப்ரோவியை அவில்டா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

செபோ யாரையும் பார்க்காமல் படியேறி முக்காலியில் உட்கார்ந்தார். கொங்காவைத் தடவிப் பார்த்தார். பியானோக்காரருக்குத் தலையசைத்தார். ‘மொட்டை மாடி’ ஆரம்பித்தது.

பியானோ நின்றது. செபோ அரைச் சுற்று காத்திருந்து, மிகச் சரியான பாதியில் நுழைந்தார். அருமையாக வாசித்தார். கிளாவேயை விட்டு ஒரு மயிரிழை விலகவில்லை. நாலு சுற்று, எட்டு சுற்று. கூட்டம் பொறுமையாகக் கேட்டது. பிறகு ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தது.

“யோவ், மூச்சு எங்க?” என்று யாரோ கத்தினார்கள்.

“அது இல்ல!” என்றார் பனியன்காரர். “ரெக்கார்டுல வர்ற மாதிரி வாசிய்யா!”

செபோ நிறுத்திவிட்டார். கோஷ்டியும் தடுமாறி நின்றது. மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து அவர் அவில்டாவிடம் சொன்னது நாற்பது ஊர்களுக்கும் போயிற்று.

“இதாங்க சரி. முப்பத்துநாலு வருஷமா ஸ்டியரிங்ல தட்டித் தட்டிப் பழகியிருக்கேன்.”

பூங்கா வெடித்துச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. ஒவ்வொருவனும் தன் மாமனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அவில்டாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும், அவள் அவர்களோடு பிறந்தவள்.

“தோன் செபோ,” என்றாள். “அவங்களுக்குச் சரியானது வேணாம். ஒங்களுது வேணும்.”

செபோ மீசையைத் துடைத்தார். மெடலைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். பியானோ மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றது. இம்முறை அவர் அரைச் சுற்று விடவில்லை.

குறுக்கே பாய்ந்தார். ஐயாயிரம் பேரும் ஓவென்று கத்தினார்கள். தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்து செய்வது லேசான காரியமில்லை. கோஷ்டி மொத்தமும் ஒரு பக்கம் இழுக்க, ஒற்றை ஆளாக மறுபக்கம் போக வேண்டும். நாலு சுற்றும் போனார், ஒவ்வொரு அடியும் அந்த ரெக்கார்டில் இருந்த அடி. பிறகு தலையைத் தூக்கினார். மெடல் விளிம்பில் பட்டது. கை காற்றில் நின்றது.

கோஷ்டியும் நின்றுவிட்டது. பியானோ இல்லை, மணி இல்லை. மேடைக்குப் பின்னால் ஃபீனி, காற்றலையில் சத்தமே இல்லையே என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் தட்டியது அந்தப் பனியன்காரர். மூன்று, இரண்டு. அடுத்து முன்வரிசை. அடுத்து பூங்கா முழுக்க, ஐஸ் வண்டிக்காரன் வரை, கையாலேயே கிளாவே. செபோ கையைத் தூக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ரெக்கார்டில் ஒன்றரைச் சுற்று. அன்று மூன்றரைச் சுற்று பிடித்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. பிறகு அந்தக் கை இறங்கியது, இம்மி பிசகாமல், சரியான பாதியில்.

அதற்கப்புறம் நடந்ததை மைக்கில் யாராலும் விளக்கியிருக்க முடியாது. அவில்டா முயலவும் இல்லை. பாட்டு முடிந்து, சத்தம் ஓயப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் எப்போதும்போலப் பெயர்களைச் சொன்னாள். 1962இல் வாசித்த பதினோரு பேரையும் சொன்னாள். பதினோராவது பெயரை அவள் வாயைத் திறக்குமுன் கூட்டமே சொல்லிவிட்டது. கேடயத்தை அவள் அங்கேயே முக்காலியின்மேல் வைத்துவிட்டு வந்தாள். ஒருவரும் மீதிப் பெயர்களைச் சந்தேகிக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க அவளுக்கு வந்த போன்களில் முக்கால்வாசி, தங்கள் வீட்டில் பெயர் வராத இன்னொரு வாத்தியக்காரன் ஒளிந்திருக்கிறான் என்று சொல்ல வந்தவை. சாகோவின் சுவருக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ காற்றில் நிற்கிற ஒரு கையை வரைய ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு இரண்டரை மணிக்கு அவில்டா ‘மொட்டை மாடி’யைப் போட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ரோவிக்குப் போன் செய்தாள்.

“என்ன தோன்யா ப்ரோவி, குழாய்?”

“மூடியிருக்கு கண்ணு.”

“ஒக்காந்து சாப்பிடறாரா?”

“எங்க சாப்பிடறாரு? மேசையப் போட்டு அடி அடின்னு அடிச்சு, துவரையெல்லாம் தரையில உருளுது. குழாயடியிலயே கெடந்திருக்கலாம் இந்த மனுஷன்.”

பாட்டில் அந்த இடம் வந்தது. ப்ரோவி பேச்சை நிறுத்தினாள். போனுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் இல்லை, மேசைச் சத்தமும் இல்லை. ஒன்றரைச் சுற்று கழித்து அங்கே கொங்காவோடு சேர்ந்து ஒரு சோற்றுத் தட்டு கீழே விழுந்தது. அவில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரம்பெட்டுகள் வந்தன, பாட்டு முடிகிற நேரம். அவள் போனை வைக்கப்போன சமயத்தில், பின்னாலிருந்து செபோவின் குரல் சமையலறையே அதிரும்படி கேட்டது.

“அடியே ப்ரோவி, பாட்டு முடியுது! போன வெச்சுட்டு அவங்களப் பேரச் சொல்லவிடு!”